இன்ஜின் மாற்றிய வண்டிக்கு எக்ஸாஸ்ட் பைப் எத்தனை இஞ்ச்? கணக்கு முதல் கேஜ் வரை

புது இன்ஜின் உள்ளே உட்கார்ந்ததும் பட்டறையில் எழும் முதல் கேள்வி, ‘எக்ஸாஸ்ட் ரெண்டரையா, மூணா?’ என்பதுதான். பெரும்பாலும் பக்கத்து வண்டியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த வண்டியில் இருக்கும் இன்ஜின் வேறு, பவர் வேறு. பைப்பின் அளவைத் தீர்மானிப்பது அதன் வழியே ஓடும் புகையின் அளவு. புகையின் அளவைத் தீர்மானிப்பது இன்ஜின் தரும் பவர். இந்த ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறன் வண்டி. அதில் இன்டெக்ரா டைப் ஆரில் வந்த கே20ஏ இன்ஜினை ஏற்றினால் பவர் 220. புகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிட்டியின் பழைய பைப்பையே ஒட்டவைத்து ஓட்டினால் கீழ் ஆர்.பி.எம்.மில் எந்தக் குறையும் தெரியாது. மேலே போகப் போக இன்ஜின் திணறும், ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்கள்) சிவக்கும், போட்ட பணம் பைப்பிலேயே அடைபட்டு நிற்கும். மறுபக்கம், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மூன்று இஞ்ச் போட்டால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அடி தட்டும், 80 கி.மீ. வேகத்தில் காதை அடைக்கும், பவர் மட்டும் கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும். ஆர்.டி.ஓ. ஒப்புதல் கிடைக்காத வண்டி ட்ராக் வண்டிதான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் சர்க்யூட்டுக்கு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதே சரி.

முதல் படி: உண்மையான பவர் எண்ணைப் பிடியுங்கள்

கம்பெனி அச்சிட்ட எண் புது இன்ஜினுக்கானது. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலோ இறக்குமதி ஆளிடமோ வாங்கிய பழைய இன்ஜின் கம்ப்ரெஷன் குறைந்திருந்தால் அந்த எண்ணைத் தொடாது. ஆனாலும் பைப் கணக்குக்கு அச்சிட்ட எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்; கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிச் சக்கரத்தில் அளந்த எண் கையில் இருந்தால், வழியில் கியர்கள் தின்ற பங்கைச் சேர்க்க, முன்சக்கர வண்டிக்கு அதை 0.85ஆல் வகுங்கள். சக்கரத்தில் 185 என்றால் இன்ஜினில் சுமார் 218. பி.எஸ்., பி.எச்.பி. வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு, அதை மறந்துவிடலாம்.

பிறகு டர்போ போடும் எண்ணம் இருந்தால், அதற்கான டர்போவும் இஞ்செக்டரும் வாங்கியாகிவிட்டதா என்று உங்களையே கேளுங்கள். வாங்கியிருந்தால் அந்தப் பவருக்குக் கணக்குப் போடுங்கள். ஆசை மட்டும்தான் என்றால் இன்றைய பவருக்கே போடுங்கள். கனவில் இருக்கும் 400 குதிரைக்கு இன்றைக்கே பைப் போட்டு, மூன்று வருடம் இரைச்சலோடு ஓட்டுவதில் பொருளில்லை.

இரண்டாம் படி: நான்கு மடங்கு வர்க்கமூலம்

பட்டறைக் கணக்கு இது. ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 12 சதுர மி.மீ. உள்பரப்பு வேண்டும். அதைச் சுருக்கினால் மனதில் நிற்கும் சூத்திரம் கிடைக்கும்:

பைப்பின் உள் விட்டம் (மி.மீ.) = 4 × பவரின் வர்க்கமூலம்

100 குதிரைக்கு 40 மி.மீ., 225க்கு 60 மி.மீ., 400க்கு 80 மி.மீ. இது உள் விட்டம் என்பதை மறக்க வேண்டாம். கடையில் சொல்லும் இஞ்ச் வெளி விட்டம். 1.5 மி.மீ. தகட்டில் இரு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. கழியும். கழித்த பிறகு ஒவ்வொரு பைப்பும் தாங்கும் பவர்:

- 1¾ இஞ்ச் (44.5 மி.மீ.): சுமார் 105
- 2 இஞ்ச் (50.8): 140
- 2¼ இஞ்ச் (57.2): 180
- 2½ இஞ்ச் (63.5): 225
- 2¾ இஞ்ச் (69.9): 275
- 3 இஞ்ச் (76.2): 335
- 3½ இஞ்ச் (88.9): 460

சிட்டியின் 106 குதிரைக்கு 1¾ போதும். கே20ஏ ஏறினால் 2½. மிட்சுபிஷி எவோவின் 4ஜி63 டர்போ, 280 குதிரை, கணக்குப்படி 2¾ கேட்கும். அந்த அளவில் வளைவுகள் சுலபமாகக் கிடைப்பதில்லை, ஆகவே 3 இஞ்சுக்குப் போவதுதான் நடைமுறை. எஸ்டீமின் 1.3 இன்ஜினைச் சிறிய மாருதியில் ஏற்றுபவர்கள் இரண்டு இஞ்ச் கேட்டு வருகிறார்கள். 85 குதிரைக்கு உள் விட்டம் 37 மி.மீ. போதும், 1⅝ இஞ்ச் பைப்பிலேயே அது அடங்கிவிடும்.

இரட்டைப் பைப் என்றால் பவரை இரண்டாக வகுத்துக் கணக்கிடுங்கள். 300 குதிரை வி6க்கு, பக்கத்துக்கு 150; உள் விட்டம் 49 மி.மீ. இரண்டு 2 இஞ்ச் பைப் சற்றுக் குறைவு, இரண்டு 2¼ தாராளம். பின்னால் இரண்டு வால் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் பிரிப்பதென்றால், ஒற்றைப் பைப்பாகக் கொண்டுவந்து கடைசியில் பிரிப்பதே எடை குறைவு.

‘பேக் பிரஷர் இல்லாவிட்டால் வண்டி இழுக்காது’ என்று சொல்வார்கள். எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர், அதாவது புகையைப் பின்னுக்குத் தள்ளும் அழுத்தம், தேவையில்லை. தேவைப்படுவது ஹெடர் குழாய்களில் புகையின் வேகம். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது பின்னால் ஏற்படும் வெற்றிடம் அடுத்த சிலிண்டரின் புகையை இழுக்கிறது. பைப்பை மாற்றியதும் பிக்-அப் குறைந்தால், ஹெடர் குழாய் தேவைக்கு மேல் பருமனாகிவிட்டதா, ட்யூன் (ஈ.சி.யூ. என்ற இன்ஜின் கணினியில் உள்ள பெட்ரோல் அமைப்பு) பழைய பைப்புக்கே இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

மூன்றாம் படி: ஹெடர் தனிக் கணக்கு

டர்போ இல்லாத இன்ஜினில் ஹெடர் குழாயின் பருமன், எந்த ஆர்.பி.எம்.மில் இழுவை (டார்க்) உச்சம் வேண்டும் என்பதைப் பொறுத்தது.

குழாயின் உள்பரப்பு (ச.மி.மீ.) = உச்ச இழுவை ஆர்.பி.எம். × ஒரு சிலிண்டரின் சி.சி. ÷ 2240

2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 500 சி.சி. உச்சம் 6000இல் வேண்டுமென்றால் 1339 சதுர மி.மீ., அதாவது 41 மி.மீ. உள் விட்டம், 1¾ இஞ்ச் குழாய். 7000இல் வேண்டுமென்றால் 1⅞. சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகரும் அண்ணா சாலையில் 7000 ஆர்.பி.எம். இழுவை யாருக்கும் உதவாது. சாலையில் ஓடும் வண்டிக்கு நான்கு குழாய் இரண்டாகிப் பிறகு ஒன்றாகும் நான்கு-இரண்டு-ஒன்று அமைப்பும் சின்னக் குழாயும். ட்ராக் வண்டிக்கு நான்கு-ஒன்று. இதில் சமரசம் தேடாதீர்கள், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டர்போவில் கதை மாறுகிறது. புகை சுழற்றும் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வண்டிக்கு அடியில் இடம் உள்ளவரை பெரிய பைப் போடலாம். 2 லிட்டர் டர்போவுக்கு 3 இஞ்ச் டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் பைப்) பொருத்தமானது. ஒரு ஆபத்து மட்டும் உண்டு. அடைப்பு நீங்கியதும் டர்பைன் வேகமெடுக்கும், சிறிய வேஸ்ட்கேட்டால் (மிகுதிப் புகையை டர்பைனுக்கு வெளியே விடும் வால்வு) புகையைத் திருப்பிவிட முடியாமல் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், தானாக ஏறும். 1 பாருக்கு அமைத்தது 1.3க்குப் போனால் பிஸ்டன் போய்விடும். டவுன்பைப் மாற்றிய முதல் ஓட்டத்தில் பூஸ்ட் கேஜை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதற்கென்றே பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

நான்காம் படி: மிகக் குறுகிய இடத்தைத் தேடுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. இரண்டரை இஞ்ச் பைப் முழுக்கப் போட்டு, நடுவில் ஒரு வளைவு நசுங்கியிருந்தால் உங்கள் பைப் இரண்டரை இல்லை. சாதாரண சைலன்சர் கடை வளைக்கும் இயந்திரத்தில் வளைவு தட்டையாகிவிடும். நசுங்கிய இடத்தில் உள்ளளவை இரு திசையிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 44க்கு 73 என்றால் 56.7 மி.மீ. வட்டத்துக்குச் சமம். 225 குதிரைக்குப் போட்ட பைப் அந்த இடத்தில் 200 குதிரைப் பைப்.

ஆகவே மேண்ட்ரல் வளைவுகளை, அதாவது உள்ளே உருளை வைத்து வளைத்தவற்றை, தனித்தனியாக வாங்கி வெட்டி ஒட்டுங்கள். வளைவின் மைய ஆரம் பைப் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. பைப் வளைப்பவர்களிடம் போவதானால் வரைபடத்தோடு போங்கள். ஒற்றை வண்டிக்கு அவர்கள் இயந்திரத்தைத் திருப்பி அமைப்பது செலவு பிடிக்கும்.

அடுத்த குறுகல் சைலன்சரின் வயிற்றுக்குள் இருக்கும். வாயில் 2½ என்று இருக்கும், உள்ளே துளையிட்ட குழாய் 2 இஞ்சாக இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், வெர்னியரை உள்ளே விட்டு அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பெல்லோஸ் (வளைந்துகொடுக்கும் இணைப்பு), கேஸ்கட்டின் ஓட்டை, ஃபிளேஞ்சின் (இணைப்புத் தட்டின்) ஓட்டை, கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்), எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

பின் ஆக்சிலைத் தாண்டிய பிறகு ஒரு அளவு குறைக்கலாம். ஹெடர் முனையில் 700 டிகிரிக்கு மேல் இருக்கும் புகை வாலுக்கு வரும்போது அதில் பாதியாகக்கூட ஆறிவிடும். ஆறினால் சுருங்கும், சிறிய பைப்பே போதும். 75 முதல் 100 மி.மீ. நீளமுள்ள கூம்பு வைத்துக் குறையுங்கள், திடீர்ப் படி வேண்டாம். சஸ்பென்ஷனுக்குப் பக்கத்தில் இடம் இறுக்கமான வண்டிகளுக்கு இது பெரிய உதவி.

ஐந்தாம் படி: பி.வி.சி. பைப்பில் ஒத்திகை

எஃகை வாங்கும் முன், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் பிளம்பிங் பி.வி.சி. பைப்பை வாங்குங்கள். 63 மி.மீ. பைப் இரண்டரை இஞ்சுக்கு, 75 மி.மீ. பைப் மூன்று இஞ்சுக்கு, 50 மி.மீ. இரண்டு இஞ்சுக்கு ஏறக்குறைய அதே வெளி விட்டம். வண்டியை ராம்பில் ஏற்றி, சக்கரத்தில் பளு இருக்கும்படி நிறுத்தி, வெட்டி டேப் சுற்றி முழுப் பாதையையும் அமைத்துப் பாருங்கள். ஜாக்கியில் சக்கரம் தொங்கும் நிலையில் எடுத்த அளவு பயன்படாது. இறக்கியதும் ஆக்சில் பைப்பில் மோதும்.

பார்க்க வேண்டிய இடைவெளிகள்: பாடியிலிருந்து 25 மி.மீ., ரப்பர் பூட், பிரேக் குழாயிலிருந்து 50 மி.மீ., பெட்ரோல் குழாயிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு. எரிபொருள் குழாய்க்கு 35 மி.மீ.க்குள் எக்ஸாஸ்ட் வரக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. மாற்றிய இன்ஜின் வேறு இடத்தில், வேறு கோணத்தில் உட்கார்ந்திருப்பதால் ஸ்டியரிங் தண்டும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஹெடருக்கு மிக அருகே வந்துவிடும். கையால் இன்ஜினை ஆட்டிப் பார்த்து, அந்த அசைவுக்கும் இடம் விடுங்கள். புகை பின்னால் அல்லது வலப்பக்கம் வெளியேறட்டும். கதவுக்குக் கீழே இடப்பக்கம் விடுவது விதிப்படி தவறு.

பிறகு நான்கு பேரை உட்காரவைத்துத் தரைக்கும் பைப்புக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். நம் ஊர் உள்தெரு ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அளவு, வரைமுறை கிடையாது, 120 மி.மீ.க்குக் கீழே போனால் தினமும் தட்டும். இடம் போதாவிட்டால் அந்த நீளத்துக்கு மட்டும், அதே பரப்புள்ள நீள்வட்டப் பைப் போடலாம். ஃபிளேஞ்சின் காது கீழ்நோக்கி இருக்க வேண்டாம், பக்கவாட்டில் திருப்பி ஒட்டுங்கள்.

ஆறாம் படி: பொருள் வாங்குவது

பாரிமுனை செம்புதாஸ் தெருவில் பைப் கேட்கும்போது ‘ஓ.டி. ட்யூப்’ (வெளி விட்டக் கணக்கு) என்று தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே பைப் என்றால் என்.பி., அதாவது பெயரளவு உள் விட்டக் கணக்கு. 2 இஞ்ச் என்.பி. பைப்பின் வெளி விட்டம் 60.3 மி.மீ., 2½ என்.பி. 73 மி.மீ., 3 என்.பி. 88.9 மி.மீ. தகடும் தடிமன், ஷெட்யூல் 10இல் 2 இஞ்சுக்கு 2.77 மி.மீ. அதை வாங்கிவந்தால் வளைவும் பொருந்தாது, சைலன்சர் வாயும் பொருந்தாது, எடையும் மீட்டருக்கு 4 கிலோ. 63.5 மி.மீ. ஓ.டி., 1.5 மி.மீ. தகடு என்றால் மீட்டருக்கு 2.3 கிலோதான். 16 கேஜ் தகடு சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ.; ஹெடருக்கு 16, பின்பக்கத்துக்கு 18 கூடப் போதும்.

அடுத்தது கிரேடு. மாடிப்படிக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் விற்கும் பளபளப்பான ட்யூப் பெரும்பாலும் 202 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பார்வைக்கு 304 போலவே இருக்கும், இரண்டிலும் காந்தம் ஒட்டாது. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. ஸ்டீல் சோதிக்கும் மாலி திரவமும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்டுபோய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 202 என்றால் சொட்டு சிவந்துபோகும். ஈ.சி.ஆர்., பெசன்ட் நகர், திருவொற்றியூர் பக்கம் நிற்கும் வண்டிக்கு 202 வெல்டிங் ஓரங்களில் சீக்கிரமே துருப்பிடிக்கும். பணம் குறைவென்றால் 202க்குப் பதில் 409 வாங்குங்கள். வெளியே பழுப்பேறும், ஆனால் ஓட்டை விழ நாளாகும். கம்பெனிகளும் இதைத்தான் போடுகின்றன. இதில் காந்தம் ஒட்டும்.

முன்சக்கர செடான் ஒன்றுக்கு, ஹெடர் தவிர்த்து: நேர் ட்யூப் 3 மீட்டர், 90 டிகிரி வளைவு நான்கு, 45 டிகிரி இரண்டு, 150 முதல் 200 மி.மீ. நீளப் பெல்லோஸ் ஒன்று, ரெசொனேட்டர் (ரீங்காரத்தைக் குறைக்கும் சிறு சைலன்சர்) ஒன்று, பின் சைலன்சர் ஒன்று, வி-பேண்ட் கிளாம்ப் இரண்டு ஜோடி, ரப்பர் ஹேங்கர் ஐந்து, எம்18 × 1.5 சென்சார் நட் (ஆக்சிஜன் சென்சார் பொருத்த) இரண்டு. வளைவில் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். முதல் தடவை வெட்டுபவர் ஒன்றையாவது வீணாக்குவார்.

ஏழாம் படி: ஒட்டுவது, தொங்கவிடுவது

டிக் வெல்டிங், 304க்கு 308எல் கம்பி. 304ஐ 409உடனோ இரும்புடனோ சேர்க்க 309எல். ஒட்டும்போது பைப்பின் இரு முனையையும் அலுமினிய டேப்பால் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். விடாவிட்டால் உள்பக்கம் கரும் பொரியாகப் பொங்கி நிற்கும். வழியைக் குறுக்கும், பின்னர் உதிரும். டர்போவுக்கு முன்னால் உள்ள ஹெடரில் அப்படி உதிர்ந்தால் டர்பைன் இதழ் காலி. ஆர்கான் செலவு என்று மறுக்கும் வெல்டரிடம் ஹெடரைக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் முதலில் வண்டியிலேயே புள்ளி ஒட்டு மட்டும் வைத்துப் பொருத்திப் பார்த்து, பிறகு இறக்கி முழுதாக ஒட்டுங்கள். 304 சூட்டில் நன்றாக நீளும்: 3 மீட்டர் பைப் 300 டிகிரி ஏறினால் சுமார் 15 மி.மீ. ரப்பர் ஹேங்கரில் அதற்கு அசைவு வேண்டும். இறுக்கிக் கட்டிய பைப் ஹெடர் கழுத்திலேதான் விரிசல் விடும். பெல்லோஸை இன்ஜினுக்கு அருகில், உள் உறையின் அம்பு புகை போகும் திசையைப் பார்க்க வையுங்கள்.

சென்சார் நட் கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட மேல்பக்கத்தில் வரட்டும். கீழே வைத்தால் காலையில் சேரும் நீர்த்துளி சென்சாரை உடைக்கும். அதற்கு முன்னால் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், கலவை மெலிந்திருப்பதாகப் பொய் காட்டும், ஈ.சி.யூ. பெட்ரோலைக் கொட்டும். ஆகவே ட்யூனுக்கு முன் வால்பக்கத்தைத் துணியால் அடைத்து, ஆறிய பைப்பில் காற்று ஊதி, சோப்பு நுரை தடவி ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள்.

எட்டாம் படி: சத்தம்

பைப்பைப் பெரிதாக்கினால் சத்தம் கூடும் என்பது தெரிந்ததே. நேர்வழிச் சைலன்சர் 450 மி.மீ. நீளத்துக்குக் குறையாமல், அதற்கு முன் ஒரு ரெசொனேட்டர் என்றால் சாலைக்கு ஏற்ற அளவில் நிற்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் 100 ஹெர்ட்ஸ் ஓசை தரும், ஓ.எம்.ஆரில் சீராக ஓட்டும் வேகம் பெரும்பாலும் அந்த ஆர்.பி.எம்.மில்தான் விழும். உள்ளே அந்த ரீங்காரம் தாங்க முடியாவிட்டால், ஒரு முனை அடைத்த கிளைக்குழாயை 1.1 முதல் 1.25 மீட்டர் நீளத்தில் சைலன்சருக்கு முன் ஒட்டலாம். எந்த ஆர்.பி.எம்.மில் ரீங்காரம் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஆர்.பி.எம். குறைந்தால் நீளம் அதே விகிதத்தில் கூடும்.

கன்வெர்ட்டரை எடுத்து எறிய வேண்டாம். சதுர இஞ்சுக்கு 200 செல் உள்ள உலோகக் கன்வெர்ட்டர் 2½ இஞ்ச் அளவில் கிடைக்கிறது, அதனால் போகும் பவர் சொற்பம். அது இல்லாமல் பி.எஸ்.4 பெட்ரோல் வண்டி கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் வருவது மிகக் கடினம்.

ஒன்பதாம் படி: கேஜ் சொல்வதைக் கேளுங்கள்

ஹெடர் முனையிலுள்ள சென்சாரைக் கழற்றி, அதே நட்டின் மரையில் ஒரு அடாப்டர், அதிலிருந்து ஒன்றரை மீட்டர் செம்புக் குழாய், அதன் முனையில் 0 முதல் 1 பார் வரை காட்டும் கேஜ். செம்புக் குழாயை இரண்டு சுற்று சுற்றிவிட்டால் கேஜுக்குச் சூடு போகாது. டைனோவிலோ ட்ராக்கிலோ மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ரெட்லைன் வரை போங்கள். டர்போ இல்லாத வண்டியில் 0.1 பாருக்குள் நின்றால் பைப் சரி. 0.2ஐத் தாண்டினால் எங்கோ அடைப்பு. உடனே எல்லாவற்றையும் பெரிதாக்காமல், சைலன்சரைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். இறங்கினால் குற்றவாளி அதுதான். இறங்காவிட்டால் கன்வெர்ட்டர், பிறகு வளைவுகள்.

அழுத்தம் சரியாக இருந்தால் சென்சாரைத் திருப்பிப் போட்டு ட்யூன் செய்யுங்கள். காற்றளவை மேப் (இன்டேக் அழுத்த) சென்சாரால் கணிக்கும் ஹோண்டா போன்ற ஈ.சி.யூ.க்களுக்கு எக்ஸாஸ்ட் மாறியதே தெரியாது. பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் விடும். முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவை எண்; 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.86 முதல் 0.90, டர்போ என்றால் 0.80ஐ ஒட்டி.

முதல் 200 கி.மீ. ஓடியதும், ஆறிய நிலையில் ஹெடர் நட்டுகளையும் வி-பேண்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். சூடேறி ஆறும்போது கேஸ்கட் அமுங்கி அவை தளரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி நாள்கணக்கில் நிற்கும் என்றால், சைலன்சரின் தாழ்ந்த புள்ளியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். துணிப் பட்டை சுற்றிய இரும்பு ஹெடர் இருந்தால் அதற்கு முன் அவிழ்த்துவிடுவது நல்லது. ஈரம் உள்ளேயே தங்கி, ஒரே மழைக்காலத்தில் குழாயை அரித்துவிடும்.